ஜெர்மனியில் மேற்படிப்பு: பாஸ்போர்ட்டில் தொடங்கி தபால்பெட்டி வரை

"அண்ணா, ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்ல ஏழு வந்துடுச்சு. அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது, "உன் பாஸ்போர்ட்டோட இரண்டாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்பதுதான். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எந்த யுனிவர்சிட்டி நல்லது, எங்கே வேலை கிடைக்கும் என்று பேச வந்தவர்களிடம் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று கேட்டால் எரிச்சல் வரத்தானே செய்யும். ஆனால் நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதல் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பி.இ. முடித்துவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. படிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் போன வழி அது. மற்ற நாடுகளுக்கும் பாதி விஷயம் பொருந்தும். மீதிப் பாதிக்கு அந்தந்த நாட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", கல்லூரிச் சான்றிதழில் "கார்த்திக் சுப்பிரமணியம்", பாஸ்போர்ட்டில் இரண்டையும் சேர்த்து முதற்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம் ஊரில் இதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. ஜெர்மன் அலுவலகத்தில் இவை மூன்று தனி ஆட்கள்.

என் கதையையே சொல்கிறேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. ஒரு விண்ணப்பத்தில் அது கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கமே திறக்கவில்லை. நான் புத்திசாலித்தனமாக ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது. இன்னொரு இடத்தில் அப்பா பெயரைப் போட்டேன். மூன்றாவது இடத்தில் என் பெயரையே இரண்டு முறை. ஜெர்மனியில் இறங்கிய பிறகு "மதிப்பிற்குரிய திரு. புள்ளி அவர்களுக்கு" என்ற தோரணையில் ஒரு கடிதம் வந்தது. அறை நண்பர்கள் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. ஆனால் காப்பீட்டில் ஒரு பெயரும் வங்கியில் வேறு பெயரும் இருந்ததால் அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

எனவே மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் வரச் செய்துவிடுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருப்பதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். "இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அதன் பிறகு நீங்கள் நிரப்புகிற ஒவ்வொரு படிவத்திலும், பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்து, அதே வரிசை.

ஏன் ஜெர்மனி, யாருக்கு ஜெர்மனி

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, வெளிநாட்டவருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பருவத்துக்கும் நிர்வாகம், மாணவர் நலம் என்று 100 முதல் 400 யூரோ வரை கட்ட வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் மேற்படிப்புக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. "ஜெர்மனியில எல்லாமே ஃப்ரீ" என்று பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கன்சல்டன்சி பற்றி ஒரு வார்த்தை. "எங்க சர்வீஸ் முழுக்க இலவசம், அட்மிஷன் கேரண்டி" என்று சொன்னால், அவர்கள் சாப்பாட்டுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று கேளுங்கள். கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் யாருக்கும் கமிஷன் கொடுக்காது. ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்குகிற தனியார் கல்லூரிதான் கொடுக்கும். அதனால் இலவசமாக வழிகாட்டுகிறவர்கள் உங்களை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் மட்டும் நிரப்பித் தருகிறவர்கள் பரவாயில்லை. அதையும் நீங்களே செய்துவிடலாம் என்பது என் கருத்து. இணைய வசதியும் இரண்டு மாதப் பொறுமையும் இருந்தால் போதும்.

பிளஸ் டூ முடித்த கையோடு இளநிலைப் படிப்புக்குப் போவது வேறு கதை. பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு நேரடியாகச் சேர்வது கடினம். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி, இங்கே ஓராண்டு பட்டப்படிப்பு, அங்கே ஸ்டூடியன்கொலெக் என்கிற ஆயத்தப் படிப்பு என்று சுற்றுவழிகள் இருக்கின்றன. பெரும்பாலான இளநிலைப் படிப்புகள் ஜெர்மன் மொழியில்தான். என்னைக் கேட்டால், இங்கே டிகிரியை முடித்துவிட்டுப் போகச் சொல்வேன்.

உங்கள் சிஜிபிஏ அங்கே எத்தனை

ஜெர்மனியில் 1.0 தான் முதலிடம், 4.0 தான் பாஸ் மார்க். எண் குறையக் குறைய நல்லது. நம் மதிப்பெண்ணை மாற்ற அவர்கள் பயன்படுத்துவது திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு. பார்க்கத்தான் மிரட்டும், கணக்கு எளிது: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் சிஜிபிஏவை, அதாவது எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளியை, கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள். மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்.

உங்கள் சிஜிபிஏ 7.8 என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால்: பத்திலிருந்து 7.8 போக 2.2, அதை 5-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.32, ஒன்றைக் கூட்டினால் 2.32. அதே 7.8, தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் 2.65. பல துறைகள் "2.5-க்குள் இருக்க வேண்டும்" என்று கோடு போட்டிருக்கின்றன. பார்த்தீர்களா? ஒரே மாணவர், ஒரே மார்க்; தேர்ச்சிப் புள்ளி எது என்பதை வைத்தே உள்ளேயா வெளியேயா என்று முடிவாகிறது. அது உங்கள் ரெகுலேஷனை, அதாவது நீங்கள் படித்த பாடத்திட்ட விதிமுறையை, பொறுத்தது. மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் தரநிலை அட்டவணை இருக்கும், பாருங்கள். அங்கே தெளிவாக இல்லையென்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலோ கல்லூரி முதல்வரிடமோ ஒரு கடிதமாக வாங்கிவிடுங்கள். நீங்கள் எதுவும் காட்டாவிட்டால், சரிபார்க்கிறவர் தனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக்கொள்வார்.

அரியர் இருந்தவர்கள் பயப்படுவது நியாயம்தான், ஆனால் அளவுக்கு மீறி வேண்டாம். முடித்துவிட்ட இரண்டு மூன்று அரியருக்காகக் கதவைச் சாத்துவதாக நான் பார்த்ததில்லை. பாடப்பொருத்தம் இல்லாததற்காகச் சாத்தியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாடப்பொருத்தம்

இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு, வேலைவாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று டேட்டா சயின்ஸுக்குப் பத்து இடங்களில் விண்ணப்பித்துப் பத்திலும் நிராகரிக்கப்பட்ட நண்பர் எனக்கு உண்டு. 8.9 சிஜிபிஏ அவருக்கு. அங்கே தேர்வுக் குழு, நீங்கள் இளநிலையில் கணிதம் எத்தனை கிரெடிட், புரோகிராமிங் எத்தனை கிரெடிட் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கும். குறைந்தபட்ச அளவு ஒவ்வொரு படிப்பின் தேர்வு விதிமுறை ஆவணத்திலும் அச்சாகியிருக்கும். அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படியுங்கள். விளம்பரப் பக்கத்தில் இருப்பதை நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். டாட் என்று நாம் சொல்லும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில், ஆங்கிலவழிப் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து முப்பது எடுங்கள். ஒவ்வொன்றின் விதிமுறையையும் உங்கள் சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்துங்கள். பன்னிரண்டு மிஞ்சும். அதில் எட்டுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் ரெகுலேஷனின் முழு சிலபஸ் பிடிஎஃப்பை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட விவரக் குறிப்பு கேட்பார்கள், அப்போது தேடி அலைய முடியாது.

டிரான்ஸ்கிரிப்டும் ஏபிஎஸ்ஸும்

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் எல்லாம் கேட்பார்கள். இது இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பமே முழுமையடையாது, விசாவும் கிடையாது. வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பது அவர்களிடம் எவ்வளவு கூட்டம் என்பதைப் பொறுத்தது. ஆகவே கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டு அனுப்பாதீர்கள், கையில் காகிதம் சேர்ந்ததும் அனுப்பிவிடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது தனிப் படலம். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் பந்தாட்டம் போல அலைவார்கள். நேரில் போகிற அன்றைக்கே ஐந்தாறு பிரதிகள், சீல் வைத்த உறையில், கேட்டு வாங்கிவிடுங்கள். இன்னொரு முறை ஈரோட்டிலிருந்து கிண்டிக்கு பஸ் ஏறுகிற செலவைவிட அது குறைவு. பயிற்று மொழி ஆங்கிலம் என்கிற சான்றையும் அதே நாளில் கேளுங்கள்.

பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "நீயே அடிச்சு எடுத்துட்டு வா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்பார். சரி, நீங்களே அடியுங்கள். ஆனால் மூன்று பேராசிரியர்களின் கடிதமும் ஒரே நடையில், ஒரே எழுத்துருவில் இருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா? ஒவ்வொருவரும் உங்களிடம் எதைப் பார்த்தார்களோ அதை மட்டும் எழுதுங்கள். ஒருவர் லேப், ஒருவர் புராஜெக்ட், ஒருவர் வகுப்பு.

ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதுகிற நோக்க அறிக்கையில் "சிறு வயது முதலே எனக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். உங்கள் இறுதியாண்டு புராஜெக்டில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை, அதைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பின் எந்தப் பாடம் உதவும் என்று எழுதினால் ஒரு பக்கம் தானாக நிறைந்துவிடும்.

விண்ணப்பமும் காலக்கணக்கும்

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. அதை நம்பி உட்காராதீர்கள். ஆங்கிலவழி மேற்படிப்புகளில் வெளிநாட்டவருக்கு மே 31, சில இடங்களில் மார்ச் மாதமே முடிந்துவிடும். கோடைப் பருவத்துக்குப் பொதுவாக ஜனவரி 15, ஆனால் படிப்புகள் குறைவு.

எனவே அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆகஸ்டில் விசா கையில் இருக்க வேண்டும். ஜூனில் விசா விண்ணப்பம். அதற்கு முன்னால் பணம். பிப்ரவரி முதல் மே வரை பல்கலைக்கழக விண்ணப்பங்கள். முந்தைய டிசம்பருக்குள் ஏபிஎஸ், ஆங்கிலத் தேர்வு. அதற்கும் முன்பு டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட். ஆக ஒன்றரை ஆண்டு. ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு அதே அக்டோபரில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டவர்களில் பலர் ஒரு வருடம் வீட்டில் இருந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் வேலைக்குப் போனால் நல்லதுதான், அவமானம் ஒன்றுமில்லை.

சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக விண்ணப்பம் வாங்கும். பல, யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக. அங்கே ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் 6.5 பெரும்பாலான இடங்களில் போதும்.

பணம்

விசாவுக்கு, முதல் ஆண்டுச் செலவுக்கான பணம் உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பிளாக்டு அக்கவுன்ட். 2024 செப்டம்பர் முதல் தொகை 11,904 யூரோ. மொத்தத்தையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்; அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ என்று பிரித்துத் தருவார்கள். யூரோவை நூறு ரூபாய் என்று கணக்குப் போட்டால்கூட கிட்டத்தட்ட 12 லட்சம். இது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான், நீங்கள்தான் சாப்பிடப் போகிறீர்கள். இதை அப்பாவுக்கு மூன்று முறை விளக்க வேண்டியிருக்கும்.

மியூனிக்கில் 992 யூரோ பற்றாது. கெம்னிட்ஸ், மாக்டபர்க் மாதிரி கிழக்கு ஜெர்மன் ஊர்களில் மிச்சம் பிடிக்கலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சொந்தப் பணம் இல்லாதவர்களுக்குக் கல்விக்கடன். அரசு வங்கிகளின் நடைமுறையில் பொதுவாக ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், அதற்கு மேல் சொத்து ஈடு. பன்னிரண்டு லட்சத்தோடு டிக்கெட்டும் சேர்ந்தால் சொத்து ஈட்டுக்குள் வந்துவிடுகிறீர்கள். இங்கேதான் நம் குடும்பங்களில் பழைய பத்திரப் பெட்டி திறக்கும்.

வங்கி கேட்பது: மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது, வரைபட அனுமதி. அதன் பிறகு வங்கியின் வக்கீல் சட்டக் கருத்து எழுதுவார், பொறியாளர் மதிப்பு போடுவார். இரண்டுக்கும் கட்டணம் உங்களுடையது. பல வங்கிகள் விவசாய நிலத்தை ஏற்பதில்லை. தாத்தா பெயரில் இருக்கிற வீடு, பாகப்பிரிவினை ஆகாமல் பெரியப்பா சித்தப்பா எல்லோருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தைகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி, பட்டா பெயர் மாற்றம் செய்ய ஐந்து மாதம் ஓடிற்று. சின்ன அத்தை கையெழுத்துப் போட வந்த அன்று, "படிக்கப் போற பையனுக்குத்தானே போடறேன், வேற யாருக்காச்சும்னா போட மாட்டேன்" என்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னார். அட்மிஷன் வந்த பிறகு இதைத் தொடங்கினால் முடியாது. வில்லங்கம் போட்டுப் பார்ப்பதை முந்தைய தீபாவளிக்கே செய்துவிடுங்கள்.

இன்னொன்று. ஓராண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், கூடுதலான தொகைக்கு வங்கி டிசிஎஸ் என்கிற வரியை முன்கூட்டியே பிடிக்கும். கல்விக்கடனிலிருந்து போகிற பணத்துக்கு அது கிடையாது. பிடித்தாலும் நஷ்டமில்லை, யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வழக்கமாகத் தாக்கல் செய்யாத அப்பாக்கள் இதற்காகவாவது செய்ய வேண்டும்.

உதவித்தொகை பக்கம் சுருக்கமாக: இரண்டு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள் டாட் அமைப்பின் இபோஸ் (EPOS) உதவித்தொகையைப் பாருங்கள். பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தவர் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையிலும் வெளிநாட்டு உயர்கல்விக்குத் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கும் முன் இதை முயலுங்கள்.

விசா

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம். விண்ணப்பத்தை இணையத்திலேயே நிரப்பி ஆவணங்களை ஏற்றி, பிறகு கைரேகைக்கும் அசல் சான்றிதழ்களுக்கும் நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோ. சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுன்ட் சான்று, காப்பீடு, நோக்கக் கடிதம், மொழிச் சான்று இவைதான் முக்கியம்.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் இலவசமாக மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் முதல் தடவையே சரியாகக் கொடுங்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் அதை மறைக்காமல் ஒரு பத்தியில் விளக்குங்கள்.

காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசுமுறைக் காப்பீடு சலுகைக் கட்டணத்தில் கிடைக்கும். மாதம் 140 யூரோவைத் தாண்டும். ஆனால் அது பருவம் தொடங்கும்போதுதான் ஓடத் தொடங்கும். நீங்கள் செப்டம்பர் நடுவில் இறங்கினால் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு தனியாக வேண்டும்.

ஜெர்மன் மொழி, வேலை

படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று மொழியை விட்டுவிடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம். படிப்பு முடித்த பின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. எல்லாம் சரி, ஆனால் நேர்காணலில் எதிரில் இருக்கிறவர் ஜெர்மனில் பேசுவார். இந்திய மாணவர்கள் இப்போது அங்கே வெளிநாட்டு மாணவர்களில் முதலிடத்தில் இருக்கிறோம். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே 49,000-ஐத் தாண்டியாயிற்று. ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற வேலைக்கு உங்களோடு எத்தனை பேர் போட்டி போடுவார்கள் என்று பாருங்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் மாக்ஸ்முல்லர் பவன், கோவையில் கோத்தே மையம், இல்லையென்றால் இணைய வகுப்பு. கிளம்புவதற்குள் ஏ2 என்கிற இரண்டாம் நிலையை முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. அங்கே போனால் சமைக்கவே நேரமிருக்காது.

அறையும் பெட்டியும்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்று இரவே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். தனியாரிடம் அறை தேடும்போது, நேரில் பார்க்காமல் முன்பணம் கேட்கிறவர்களுக்கு ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். "நான் லண்டனில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒருவர் எழுதுவார். எல்லோருக்கும் எழுதுவார். அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வெப்பச் செலவு சேர்க்காத வெறும் வாடகைதான் அதற்குக் கணக்கு.

பெட்டியில் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னது. கண்ணாடி போடுகிறவர்கள் கூடுதலாக ஒரு ஜோடி. அம்மா உருக்கிக் கொடுக்கிற நெய்யை வைத்துவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று இல்லாமல் அனுமதியில்லை. பொடி வகைகள் போகும். மற்றதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஈழத்திலிருந்து போன தமிழர்கள் நடத்துகிற கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா பக்கம் போனால் ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002-இல் குடமுழுக்கு ஆனது. தேர்த் திருவிழா அன்று ஜெர்மன்காரர்களே ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

முதல் இரண்டு வாரம்

இறங்கியவுடன் பிளாக்டு அக்கவுன்ட் பணம் வராது. முதலில் வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் என்பது விதி. அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. பிறகுதான் மாதப் பணம். ஆகவே கையிலும் ஃபாரெக்ஸ் கார்டிலுமாக 1,500 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். விசா தீரும் முன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். போய் இறங்கிய வாரமே மெயில் அனுப்பிவிடுங்கள்.

வங்கியின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண், எல்லாம் தபாலில்தான் வரும். அங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, தபால்பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். என் முதல் ஏடிஎம் கார்டு அப்படித்தான் போயிற்று. எனவே சாவி வாங்கிய அன்று மாலையே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், கீழே இறங்கிப் போய் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி செலோடேப் போட்டு ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்து, அதே வரிசை.